செவிலியர் குடிவந்த ஊர்கள்: வட கானாவில் ஒரு பயண நாட்குறிப்பு

ஞாயிறு, அக்ரா

ஆப்பிரிக்க நாடுகளின் மக்கள் நலவாழ்வைப் பற்றிப் பேசும்போது, வெளியிலிருந்து பணமும் மருந்தும் கொண்டுவந்தவர்களின் பெயர்களே பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. தம் நாட்டுச் சுகாதாரத் துறைக்குள் இருந்துகொண்டே, தம் மாவட்டத்துக் குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்று கேட்டு, அதற்கான விடையை வீடுவீடாகக் கணக்கெடுத்துக் கண்டறிந்து, அந்த விடையை அரசின் கொள்கையாக மாற்றிக் காட்டியவர்கள் அந்தப் பேச்சில் இடம்பெறுவது அரிது. கானாவின் மருத்துவர் ஃப்ரெட் பின்கா அத்தகைய ஒருவர். அவருடைய பணிவாழ்க்கை வேரூன்றிய இடங்களை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற நீண்டநாள் விருப்பத்தில் இன்று அக்ராவில் இறங்கியிருக்கிறேன். நாளை வடக்கே நவ்ரோங்கோ. வாரக் கடைசியில் தெற்கே திரும்பி, கிழக்கிலுள்ள வோல்டா வட்டாரம்.

அக்ராவுக்கும் இந்தக் கதையில் ஓர் இடம் உண்டு. பிறப்பும் இறப்பும் முழுமையாகப் பதிவாகாத நாடுகளில், ஒரு சுகாதாரத் திட்டத்தால் உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா என்பதை எவராலும் உறுதியாகச் சொல்ல இயலாது. ஒரு குறிப்பிட்ட பகுதியின் எல்லா வீடுகளையும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கண்காணித்து, யார் பிறந்தார், யார் இறந்தார், யார் ஊர்விட்டுப் போனார் என்று குறித்துவரும் ஆய்வு மையங்கள் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் தனித்தனியே இயங்கிவந்த இத்தகைய மையங்கள் 1998இல் தார் எஸ் சலாம் நகரில் கூடி ‘இன்டெப்த்’ என்ற வலையமைப்பை உருவாக்கின. அதன் தலைமையகம் அக்ராவில் அமைந்தது. அதை முதலில் நடத்தியவர் பின்கா. ஒரே கேள்வியைப் பல நாடுகளில் ஒரே முறையில் கேட்டு விடைகளை ஒப்பிடும் வாய்ப்பு ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கு இதனால் கிடைத்தது.

திங்கள், தமாலேயிலிருந்து வடக்கே

அக்ராவிலிருந்து தமாலேவுக்கு விமானம். அங்கிருந்து வாடகைக் கார். செப்டம்பர் மாதம், மழைக்காலத்தின் கடைசிப் பகுதி. சாலையின் இருபுறமும் சோளமும் கம்பும் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. நடுநடுவே ஷியா மரங்கள், வேர்க்கடலைச் செடிகள், ஆடு மேய்க்கும் சிறுவர்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த வேப்பமரம் இன்று இந்த நிலத்தின் மரமாகவே ஆகிவிட்டது. பள்ளி, சந்தை, காவல் நிலையம் என எங்கு பார்த்தாலும் அதன் நிழல்தான். புவாலுகுவில் வெள்ளை வோல்டா ஆறு கரைகளை நிறைத்து ஓடுகிறது.

போல்கடங்காவைக் கடந்து நவ்ரோங்கோவை நெருங்கும்போது வீடுகளின் அமைப்பைக் கவனித்தேன். நெருக்கமாக வீடுகள் அமைந்த தெருக்கள் இங்கே இல்லை. வட்டமான மண்வீடுகள் பலவற்றைச் சுற்றுச்சுவர் ஒன்று இணைக்க, ஒரு கூட்டுக் குடும்பம் முழுவதும் அதனுள் வாழ்கிறது. அதைச் சுற்றி அவர்களுடைய வயல். வயலைத் தாண்டித்தான் அடுத்த குடும்பத்தின் சுற்றுச்சுவர். ஓர் ஊர் பல கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடக்கிறது. மழைக்காலத்தில் ஓடைகள் நிறைந்துவிட்டால் பக்கத்து வீடே தொலைவாகிவிடும். காய்ச்சலில் துவளும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஒரு தாய் மருத்துவமனைக்கு நடக்க வேண்டிய தூரத்தை இந்தச் சாலையில் வந்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். அடுத்து வரும் நாள்களில் நான் எழுதப்போகும் எல்லாவற்றுக்கும் இந்தத் தூரமே அடிப்படை.

செவ்வாய், நவ்ரோங்கோ

நவ்ரோங்கோ, கானாவின் மேல் கிழக்கு வட்டாரத்தில், புர்கினா ஃபாசோ எல்லையை ஒட்டிய சிறு நகரம். இங்கேயுள்ள சுகாதார ஆய்வு மையம் கானாவின் அரசுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. அதன் தொடக்கம் ஒரு வைட்டமின் ஆய்வு. 1989 முதல் 1991 வரை, 21,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு நான்கு மாதங்களுக்கு ஒருமுறை வைட்டமின் ஏ அல்லது அதே தோற்றமுள்ள, ஆனால் வைட்டமின் இல்லாத ஒப்பீட்டு மருந்து கொடுக்கப்பட்டது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 19 விழுக்காடு குறைந்திருந்ததாக 1993இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவுகள் வெளியாயின. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும்போது வைட்டமின் ஏ சொட்டு கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் பரவக் காரணமான ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

பெரும்பாலான ஆய்வுகள் முடிந்தவுடன் கூடாரம் கலைந்துவிடும். வண்டிகள் போய்விடும், பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வேலையிழப்பார்கள், காகிதங்கள் வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேரும். நவ்ரோங்கோவில் அப்படி நடக்கவில்லை. ஆய்வுக்காக உருவான குழுவையும் வரைபடங்களையும் வீட்டு எண்களையும் கைவிடாமல், 1992இல் நிலையான ஆய்வு மையமாக்கினார்கள். அதற்குப் பின்கா இயக்குநரானார். என் மதிப்பீட்டில் அவருடைய பணிவாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு இதுதான். அடுத்து நடந்த ஒவ்வொன்றும் அந்தக் கணக்கேட்டின் மேல் எழுப்பப்பட்டது.

கொசுவலை ஆய்வை எடுத்துக்கொள்வோம். மாவட்டத்தின் ஊர்களை 96 பகுதிகளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் பாதிப் பகுதிகளுக்கு பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தோய்த்த கொசுவலைகளை வழங்கி, 1993 ஜூலை முதல் 1995 ஜூன் வரை குழந்தை இறப்புகளைக் கணக்கிட்டார்கள். வலை பெற்ற பகுதிகளில் ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளின் இறப்பு 17 விழுக்காடு குறைந்தது. காம்பியா, கென்யா, புர்கினா ஃபாசோ ஆகிய நாடுகளின் ஆய்வுகளோடு இதுவும் சேர்ந்து, மருந்து தோய்த்த வலை உயிர் காக்கும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. இங்கே மலேரியா எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு கணக்கு போதும். இதே மாவட்டத்தில் பின்னர் நடந்த பூச்சியியல் ஆய்வொன்று, ஒரு மனிதரை மலேரியாக் கிருமி தாங்கிய கொசு ஓர் ஆண்டில் சராசரியாக 418 முறை கடிக்கிறது என்று மதிப்பிட்டது. டோனோ அணையின் பாசனப் பகுதியில் அது இன்னும் அதிகம். வாய்க்காலோரம் இன்று மாலை நின்றபோது நெற்பயிரின் பசுமை கண்ணைப் பறித்தது. உணவளிக்கும் அதே தண்ணீர்தான் கொசுவையும் வளர்க்கிறது.

காலையில் களப்பணியாளர் ஒருவருடன் சென்றேன். சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று குரல் கொடுத்து, குடும்பத் தலைவரின் அனுமதி கிடைத்த பிறகே உள்ளே நுழைந்தார். பழைய காலத்துத் தடித்த பதிவேட்டின் இடத்தில் இன்று டேப்லெட் இருக்கிறது. கேள்விகள் மட்டும் மாறவில்லை. சென்ற முறை பதிவான ஒவ்வொருவரின் பெயரையும் வாசித்தார். ‘இருக்கிறார்’, ‘குமாசிக்கு வேலைக்குப் போனார்’, ‘இங்கேதான் இருக்கிறாள், மூன்று மாதக் கர்ப்பம்’ என்று ஒரு மூதாட்டி விடை சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பெயரில் அவர் நிறுத்தினார். பதினோரு மாதக் குழந்தை. களப்பணியாளர் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, சிறிது நேரம் எதையும் கேட்கவில்லை. பிறகு இறந்த நாளை மட்டும் குறித்துக்கொண்டார். துக்கக் காலம் கழிந்த பின் வேறொருவர் வந்து, காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, மூச்சு வாங்கியதா, பால் குடித்ததா, எங்கே கொண்டுபோனீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு எழுதுவார். அந்த விடைகளை மருத்துவர்கள் படித்து இறப்பின் காரணத்தை முடிவு செய்வார்கள். மருத்துவமனையை எட்டாமலே வீட்டில் நிகழும் இறப்பின் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு வழியில்தான் தெரியவருகிறது.

புதன், ஊருக்குள் ஒரு ‘சிப்ஸ்’ நிலையம்

குழந்தைகள் மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் மூச்சுத் தொற்றாலும் இறக்கின்றன என்பது கணக்கிலிருந்து தெரிந்துவிட்டது. மூன்றுக்கும் எளிய மருத்துவம் உண்டு என்பதும் தெரியும். அந்த மருத்துவத்தைச் சிதறிக் கிடக்கும் இந்த வீடுகளுக்கு யார் கொண்டுபோவது என்பதுதான் 1990களின் கேள்வி. அதற்கு இரண்டு விடைகள் போட்டியிட்டன. 1978இல் அடிப்படைச் சுகாதாரச் சேவையை வலியுறுத்திய அல்மா ஆட்டா பன்னாட்டு மாநாட்டுக்குப் பின் பல நாடுகள் ஊர்த் தொண்டர்களை நம்பின. ஊராரே தேர்ந்தெடுக்கும் ஒருவருக்குச் சில வாரப் பயிற்சியும் ஒரு மருந்துப் பெட்டியும் கொடுத்தால் போதும், சம்பளம் தேவையில்லை என்பது அந்த வழி. பயிற்சி பெற்ற செவிலியரை ஊருக்கு அனுப்புவது மற்றொரு வழி. கானா அத்தகைய சமூகச் செவிலியர்களை ஏற்கனவே பயிற்றுவித்திருந்தது. ஆனால் ஊருக்குள் தங்க வீடில்லாததால் அவர்கள் துணை மாவட்டச் சுகாதார நிலையங்களிலேயே அமர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தேடி வரக்கூடியவர்கள் அருகில் இருந்தவர்கள் மட்டுமே.

இரண்டில் எது உயிர் காக்கும் என்று வாதாடிக்கொண்டிராமல், நவ்ரோங்கோ குழு அதைச் சோதித்துப் பார்த்தது. வங்கதேசத்தில் இதேபோல் வீடுகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் மட்லாப் ஆய்வுக் களத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஃபிலிப்ஸ் இதில் பின்காவுடன் இணைந்தார். 1994இல் மூன்று ஊர்களில் முன்னோட்டம். ஊர்த் தலைவர்களையும் பெண்களையும் கேட்டு, அவர்கள் சொன்னதற்கேற்பத் திட்டத்தை மாற்றி மாற்றி அமைத்தார்கள். 1996இல் மாவட்டம் முழுவதும் நான்காகப் பிரிக்கப்பட்டது: ஒரு பகுதியில் செவிலியர் ஊருக்குள் குடியேறினார், ஒன்றில் ஊர்த் தொண்டர்களும் ஊர்க் குழுவும், ஒன்றில் இரண்டும் சேர்த்து, நான்காவதில் வழக்கமான சேவை மட்டும். வெளியிலிருந்து சிறப்பு மருத்துவர்களைக் கொண்டுவரவில்லை. அரசிடம் ஏற்கனவே இருந்த செவிலியர்களை, இடம் மாற்றி அமர்த்தியதே புதுமை.

முடிவுகள் மிகத் தெளிவானவை. செவிலியர் குடியேறிய பகுதிகளில் குழந்தை இறப்பு மூன்றே ஆண்டுகளில் பாதிக்கும் மேல் குறைந்தது. தொண்டர்களை மட்டும் நம்பிய பகுதியில் குழந்தை இறப்பில் முன்னேற்றம் ஏற்படவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சம்பளமில்லாத் தொண்டர் என்பது நிதி வழங்குவோருக்கு எப்போதும் இனிப்பான யோசனை. செலவு குறைவு, சமூகப் பங்கேற்பு என்ற நல்ல பெயரும் சேரும். ஏழை நாட்டின் ஏழைக் குழந்தைக்கு இதுவே போதும் என்ற எண்ணம் அதனுள் மறைந்திருப்பதாக நான் நெடுங்காலமாக நினைக்கிறேன். பயிற்சியும் சம்பளமும் மேற்பார்வையும் உள்ள ஒரு பணியாளரை அந்தக் குழந்தைக்கு அருகில் கொண்டுபோய் அமர்த்த வேண்டும் என்பதை நவ்ரோங்கோ எண்களால் நிறுவியது.

இன்று நாள் முழுவதும் அத்தகைய ஒரு நிலையத்தில் இருந்தேன். ஊராரும் சுகாதாரப் பணியாளர்களும் அதை ‘சிப்ஸ்’ என்றே அழைக்கிறார்கள். சமூக அளவிலான சுகாதாரத் திட்டமிடலும் சேவைகளும் என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை. முன்பக்கம் சிகிச்சை அறை, பின்பக்கம் செவிலியரின் குடியிருப்பு. சுவரில் ஊரின் வரைபடம், அதில் ஒவ்வொரு சுற்றுச்சுவர் வீட்டுக்கும் ஒரு புள்ளி. தடுப்பூசிக்கான குளிர்பெட்டி, மலேரியாவை விரல் நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் கண்டறியும் சோதனைப் பட்டைகள், மாத்திரைப் பெட்டிகள், உப்பு–சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், அட்டை கிழிந்த பதிவேடுகள். வாசலில் சேறு படிந்த மோட்டார் சைக்கிள்.

காலை எட்டு மணிக்கே வேப்பமரக் கிளையில் எடைத் தராசு தொங்கத் தொடங்கிவிட்டது. ‘சிஸ்டர்’ என்று எல்லோரும் அழைக்கும் அந்த இளம் செவிலியர், ஒவ்வொரு குழந்தையையும் துணித் தொட்டிலில் மாட்டி, முள் நிலைக்கும்வரை காத்திருந்து, எடையைத் தாயின் கைப்புத்தகத்தில் வளைகோட்டின் மேல் ஒரு புள்ளியாக வைத்தார். ஒரு குழந்தையின் புள்ளி முந்தைய மாதத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. அவர் அந்தத் தாயைத் தனியாக அமர வைத்து, வீட்டில் என்ன சமைக்கிறார்கள், வேர்க்கடலை இருக்கிறதா, வயலுக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு, நாளைக் காலை நானே வீட்டுக்கு வருகிறேன் என்றார். இந்த ‘நாளைக் காலை வருகிறேன்’ என்ற சொல்லை மருத்துவமனையில் அமர்ந்திருக்கும் எவராலும் தர முடியாது.

பதினெட்டு மாதக் குழந்தை ஒன்றுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போடுவதையும் பார்த்தேன். மேற்கே செனகலிலிருந்து கிழக்கே எத்தியோப்பியா வரை நீளும் மூளைக்காய்ச்சல் பட்டையில் இந்த நிலம் இருக்கிறது; 1996–97 பருவத்தின் பெரும் கொள்ளைநோயை முதியவர்கள் இன்னும் நடுக்கத்தோடு நினைவுகூர்கிறார்கள். ஆப்பிரிக்காவுக்கென்றே மலிவு விலையில் உருவாக்கப்பட்டுப் புனேயின் சீரம் நிறுவனத்தில் தயாரான தடுப்பூசி 2010இல் பக்கத்து புர்கினா ஃபாசோவிலும் 2012இல் வட கானாவிலும் வந்த பின், ஏ வகைக் கிருமியின் கொள்ளைநோய் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

வியாழன், ஊர்க்கூட்டம்

இங்கே ஊர்க்கூட்டத்துக்கு ‘தர்பார்’ என்றே பெயர். தலைவரின் வீட்டுக்கு முன் முழவு ஒலிக்க, ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் ஒருபுறமும் அமர்ந்தார்கள். இன்றைய பொருள் நிலையத்தின் பழுதான தண்ணீர்க் குழாய். செவிலியர் எழுந்து, மழைநீர்த் தொட்டி ஓரிரு மாதங்களுக்கு மேல் தாங்காது என்று பதிவேட்டைக் காட்டிப் பேசினார். யார் மணல் கொண்டுவருவது, யார் குழி தோண்டுவது என்று பிரிவுவாரியாக முடிவானது. முதல் சோதனைக் காலத்திலும் செவிலியருக்கான வீடுகளை ஊராரே மண்ணால் எழுப்பிக் கொடுத்தார்கள். தாம் கட்டிய வீட்டில் தங்கியிருப்பவரை ஊர் எளிதில் போகவிடுவதில்லை.

குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய பேச்சும் வந்தது. குழந்தைகள் இறந்துகொண்டே இருக்கும் ஊரில் பிறப்பைக் குறைக்கச் சொல்வது செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அறிஞர்கள் பலர் அந்நாளில் கருதினார்கள். பெண்கள் மறைவாகச் செவிலியரிடம் வந்து ஊசி போட்டுக்கொள்வதும், கணவருக்குத் தெரிந்தால் வீட்டில் பூசல் எழுவதும் நடந்தன. ஆகவே குழு ஆண்களிடம் நேராகப் பேச முடிவுசெய்தது. அதற்கு ஏற்ற களம் தலைவர் கூட்டும் இந்தக் கூட்டம்தான். செவிலியரும் ஊர்த் தொண்டர்களும் சேர்ந்து பணியாற்றிய பகுதியில் பிறப்பு விகிதம் முதல் சில ஆண்டுகளில் 15 விழுக்காடு குறைந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒரு குழந்தை குறைவு. குழந்தையின் உயிரைக் காக்கச் செவிலியர் வேண்டும். ஆண்களின் மனத்தை மாற்ற ஊரின் சொந்த மனிதர்கள் வேண்டும். தொண்டர்கள் பயனற்றவர்கள் என்று நேற்றைய குறிப்பைப் படித்த எவரேனும் நினைத்திருந்தால், இதையும் சேர்த்துப் படிக்க வேண்டுகிறேன். அவர்களைச் செவிலியருக்கு மாற்றாக நிறுத்தியதுதான் தவறு.

கூட்டம் முடிந்ததும் கம்பு மாவில் கிளறிய டுவோ சாஃபியும் வெண்டைக்காய்க் குழம்பும் வந்தன. ஒரே வட்டிலிலிருந்து நால்வர் உண்டோம்.

வெள்ளி, பிரசவ வலியும் மூன்று சக்கர வண்டியும்

செவிலியர் அருகில் இருந்தாலும் தீராதவை உண்டு. பிரசவத்தில் இரத்தப் பெருக்கு, தலை திரும்பாத குழந்தை, வலிப்பு ஆகியவற்றுக்கு மாவட்ட மருத்துவமனைதான் வழி. அங்கே போவதற்கு வண்டி வேண்டும். பெரிய ஆம்புலன்ஸ் இந்த மழைக்காலப் பாதைகளில் நகராது. சரக்கு ஏற்றும் மூன்று சக்கர மோட்டார் வண்டியின் பின்புறத்தில் படுக்கையும் கூரையும் பொருத்தி ஆம்புலன்ஸ் ஆக்கும் முயற்சியை மேல் கிழக்கு வட்டாரச் சுகாதாரத் துறை மேற்கொண்டது. இன்று அத்தகைய வண்டி ஒன்றில் நோயாளி இல்லாத நேரத்தில் ஏறி அமர்ந்து பார்த்தேன். குலுக்கல் கடுமைதான். ஆனால் மாட்டு வண்டித் தடத்திலும் அது போகும், உள்ளூர் இளைஞர் ஓட்டுவார், உள்ளூர்க் கடையிலேயே பழுது பார்க்கலாம். தூரத்தை வெல்ல இந்த மூன்றும் ஒன்றுசேர வேண்டும்.

பணமும் ஒரு தூரம்தான். 2003இல் சட்டமான தேசிய நலவாழ்வுக் காப்பீடு, விற்பனையின் மேல் விதிக்கப்படும் 2.5 விழுக்காடு தீர்வையைப் பெருமளவு நம்பி இயங்குகிறது. 2008 முதல் கர்ப்பிணிகளுக்குக் காப்பீட்டுக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாமல் மருத்துவமனை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட காலத்தை அறிந்த பெண்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், முகத்திலேயே விடை தெரிகிறது. எனினும் காப்பீட்டுப் பணம் மருத்துவமனைகளுக்கு வந்து சேரத் தாமதமாகும்போது மருந்தலமாரி காலியாகி, மருந்தை வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்ற பழைய சீட்டு மீண்டும் தலைகாட்டுகிறது.

சனி, போல்கடங்கா

ஒரு மாவட்டத்தில் வெற்றி பெற்றது நாடு முழுவதும் பரவுவது தனிக் கதை. பல நல்ல ஆய்வுகள் இந்த இடத்தில்தான் மடிந்துபோகின்றன. நவ்ரோங்கோவில் ஆய்வு மையமும் வெளிநிதியும் இருந்தன, மற்ற மாவட்டங்களால் முடியுமா என்று அந்நாளில் கேட்டவர்கள் நியாயமாகவே கேட்டார்கள். அதற்கு விடை சொன்னது கிழக்கே இருந்த, பெரும்பாலும் சாலையற்ற இங்க்வாண்டா மாவட்டம். அதன் மருத்துவ அதிகாரி கோகு அவூனர்–வில்லியம்ஸ் தம் குழுவை நவ்ரோங்கோவுக்கு அழைத்துவந்து, நேரில் பார்க்கச் செய்து, ஊர் திரும்பித் தம் சாதாரண மாவட்ட நிதியைக் கொண்டே தொடங்கினார். அங்கேயும் பலன் தெரிந்தது. 1999இல் ‘சிப்ஸ்’ கானா அரசின் தேசியக் கொள்கையானது.

பரவும் வேகம் முதல் பத்தாண்டில் மிகவும் குறைவாக இருந்தது. காரணத்தைத் தேடியவர்கள் கண்டது இதுதான்: திட்டமிடல், ஊருக்குள் நுழைதல், நிலையம், செவிலியர், கருவிகள், தொண்டர்கள் என்று கொள்கை வகுத்திருந்த படிகளில், ‘நிலையம்’ என்பதைக் கட்டிடம் என்றே பல மாவட்டங்கள் புரிந்துகொண்டன. ஒப்பந்தக்காரரும் நிதியும் வரும்வரை செவிலியர் அனுப்பப்படவில்லை. அரைகுறையாக நின்ற சுவர்களை வழியெங்கும் நானும் பார்த்தேன். நவ்ரோங்கோவின் முதல் செவிலியர்கள் குடியேறியது மண்வீடுகளில். உள்ளூரில் ஒரு வாடகை வீடு கிடைத்தாலே பணியைத் தொடங்கிவிடலாம். வீடுவீடாகச் செல்வதுதான் சேவை, கட்டிடம் அதற்குத் துணை.

2010இல் மேல் கிழக்கு வட்டாரத்தில் தொடங்கிய முயற்சியொன்று, அப்போது வட்டார இயக்குநராக இருந்த அதே அவூனர்–வில்லியம்ஸின் தலைமையில், சில மாவட்டங்களில் இதைச் சரிசெய்ய முனைந்தது. மாவட்ட அதிகாரிகளுக்குத் தம் விருப்பப்படி செலவிடச் சிறு நிதி, நன்கு இயங்கும் ஊர்களுக்குச் சக அதிகாரிகளை அழைத்துச்செல்லும் பயணங்கள், உள்ளாட்சி மன்றங்களோடு நேரடிப் பேச்சு ஆகியவையே அதன் சாரம். அந்த மாவட்டங்களில் ‘சிப்ஸ்’ மற்ற இடங்களைவிட வேகமாகப் பரவியது. சுகாதார அமைப்பை வலுப்படுத்துதல் என்ற பெருஞ்சொல்லின் உள்ளே இருப்பவை இத்தகைய சிறு காரியங்கள்: பெட்ரோலுக்குப் பணம், மாதம் ஒருமுறை மேற்பார்வை, பழுதான மோட்டார் சைக்கிளுக்கு உதிரிப்பாகம், பார்த்துக் கற்க ஒரு பேருந்துப் பயணம். இவற்றைக் கேட்டு விண்ணப்பம் எழுதினால் நிதி கிடைப்பது கடினம் என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள்.

திங்கள், ஹோஹோ

நேற்று தெற்கே திரும்பி, இன்று அதிகாலையில் அக்ராவிலிருந்து கிழக்கே கிளம்பினோம். அதிம்போகுவில் அடோமி பாலத்தருகே வண்டி நின்றதும், அபோலோ அப்பமும் பொரித்த பொடிமீனும் விற்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வோல்டாவைக் கடந்தபின் நிலம் மலையும் காடுமாக மாறுகிறது. வடக்கின் வெட்டவெளியைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு வேறொரு நாடு போலத் தோன்றியது.

சுகாதாரப் பணிகளுக்கென்றே அமைந்த அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றை 2011இல் கானா சட்டமியற்றி உருவாக்கியது. ஹோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அடுத்த ஆண்டு வகுப்புகள் தொடங்கின. முதல் துணைவேந்தர் பின்கா. அதன் பொதுச் சுகாதாரப் பள்ளி இந்த ஹோஹோ வளாகத்தில் இருக்கிறது, இன்று அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. ஆய்வாளராகப் புகழ்பெற்ற ஒருவர் பன்னாட்டு அமைப்பொன்றில் ஓய்வெடுப்பதுபோல் அமர்ந்திருக்கலாம். தலைநகரை விட்டு விலகிய ஊர்களில் புதிய பல்கலைக்கழகத்தை எழுப்பும் வேலையை அவர் ஏற்றதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். செவிலியர் இல்லாமல் ‘சிப்ஸ்’ இல்லை; பயிற்றுவிக்கும் பள்ளி இல்லாமல் செவிலியர் இல்லை.

ஆனால் பயிற்சியோடு கதை முடிந்துவிடவில்லை என்பதை மாணவர்களே என்னிடம் சொன்னார்கள். படித்து முடித்த செவிலியர்கள் பலர் அரசின் நிதி ஒப்புதலுக்காக, அதாவது சம்பளப் பட்டியலில் இடம் கிடைப்பதற்காக, ஆண்டுக்கணக்கில் வீட்டில் காத்திருக்கிறார்கள். காத்திருந்து சலித்தவர்களை இங்கிலாந்து எடுத்துக்கொள்கிறது. பணியாளர் பற்றாக்குறை கடுமையாக இருப்பதால் பணக்கார நாடுகள் தாமாகச் சென்று ஆள்சேர்க்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்த 55 நாடுகளின் பட்டியலில் கானாவும் இருக்கிறது. ஊரில் செவிலியர் பணியிடம் காலி, வீட்டில் செவிலியர் வேலையின்றி, இரண்டுக்கும் நடுவே சம்பளத்துக்குப் பணமில்லாத அரசு. இந்த முடிச்சை அவிழ்ப்பது சுகாதார அமைச்சகத்தால் மட்டும் ஆகாது. நிதி அமைச்சகமும் கடன் கொடுத்தவர்களும் அமரும் மேசையில் இது பேசப்பட வேண்டும். நவ்ரோங்கோவின் எண்கள் அந்த மேசைக்கும் போய்ச்சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாலையில் முதுநிலை மாணவி ஒருவர் தம் ஆய்வின் வரைவைக் காட்டினார். ஊருக்குள் அமர்த்தப்படும் செவிலியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அங்கேயே இருக்கிறார்களா, விலகியவர்கள் ஏன் விலகினார்கள் என்பது அவர் கேட்கும் கேள்வி. வினாத்தாளில் வீடு, தண்ணீர், மின்சாரம், பதவி உயர்வு, இரவில் தனியே இருக்கும் அச்சம், பிள்ளைகளின் பள்ளி என்று வரிசையாக இருந்தன. மேற்பார்வைக்கு யார் வருகிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள் என்பதையும் சேர்க்கலாமே என்றேன். அதற்கு இரண்டு கேள்விகள் எழுதி ஓரத்தில் குறித்துக்கொண்டார். வியாழக்கிழமை அவர் களத்துக்குக் கிளம்புகிறார்; முதலில் இங்க்வாண்டா, அங்கிருந்து வடக்கே.